பதில்: 75 டிகிரியில் அகார் தட்டு இளகிவிடுகிறது, சல்ஃபோலோபஸ் வளரவில்லை

வணக்கம். பிஎச் 3 (கடும் அமிலத்தன்மை) உள்ள அகார் தட்டுகளை (நுண்ணுயிர் வளர்க்க, கடற்பாசியிலிருந்து எடுத்த பசையை உறையவைத்த தட்டுகள்) 75 டிகிரி செல்சியஸில் வைத்தபோது இரண்டே நாளில் அவை கூழாகிவிட்டன என்றும், அதில் இட்ட சல்ஃபோலோபஸ் என்னும் நுண்ணுயிரியின் வளர்ப்பு செத்துவிட்டதோ என்றும் கேட்டிருந்தீர்கள். பழுது உயிரியில் இருப்பதாகத் தோன்றவில்லை, அகாரில்தான் இருக்கிறது.

அமிலமும் சூடும் சேர்ந்தால் அகாரின் சர்க்கரைச் சங்கிலிகள் அறுந்துவிடுகின்றன. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுத்து 1972-இல் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் குழுவினர் விவரித்த சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸுக்கோ அவ்விரண்டும்தான் வாழ்விடம் (பெயரிலேயே அமிலமும் வெப்பமும் இருக்கின்றன).

ஆகவே அகாருக்குப் பதிலாக, இந்த அமிலத்தையும் சூட்டையும் தாங்கும் ஜெல்லன் பசையைப் பயன்படுத்துங்கள். இரட்டிப்புச் செறிவுள்ள ஊடகத்தை (ஊட்டக் கரைசலை) கந்தக அமிலத்தால் பிஎச் 3-க்குக் கொண்டுவந்து, மக்னீசியம், கால்சியம் குளோரைடுகளைச் சேர்த்துச் சூடாக்கி, தனியே கொதிக்கவைத்த 1.2 சதவீத ஜெல்லன் கரைசலுடன் சம அளவில் கலந்து உடனே ஊற்றிவிட வேண்டும். அந்த உப்புகள் இருப்பதால் பசை மிக விரைவில் உறைந்துவிடும், எனவே தட்டுகளை முன்கூட்டியே வரிசையாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த எதிரி வறட்சி. தட்டுகளை ஈரத் துணியுடன், மூடி போட்ட டப்பாவில் அடுக்குங்கள். ஆனால் இது ஆக்சிஜன் தேவைப்படும் உயிரி என்பதால் காற்றுக்குப் போதிய இடம் விடுங்கள். நுண்ணுயிர்க் கூட்டங்கள் (தட்டில் புள்ளிகளாகத் தெரிபவை) தென்பட ஐந்து முதல் ஏழு நாள் ஆகலாம், இரண்டாம் நாளே தட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மீதமுள்ள திரவ வளர்ப்பில் சிறிது எடுத்துப் புதிய ஊடகத்தில் இட்டு, 75 டிகிரியில் குலுக்கிப் பாருங்கள். கலங்கினால் உயிர் இருக்கிறது.