அரைக்கால் பங்கும் அறுபது வருடத்து டெபாசிட்டும்: வாசகர் கேள்விகள்

அமெரிக்க அரசு நிலத்தில் எடுக்கும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி பற்றிப் போன முறை நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியை ஏழு பேர் கேட்டால் ஒரே ஒரு பதில்தான் கிடைக்கும், கோபிக்க வேண்டாம்.

அரசு நிலம் என்றால் நம்மூர் புறம்போக்கு மாதிரியா? (தென்காசி வாசகர்)

பேச்சுக்கு அப்படி வைத்துக்கொள்ளலாம், அளவு வேறு. நில மேலாண்மைப் பணியகம், சுருக்கமாக பி.எல்.எம்., அதன் கையில் மட்டும் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதையும் சேர்த்தாலே மூன்றேகால் கோடி ஏக்கர் தேறாது. பூமிக்கு அடியிலுள்ள கனிம உரிமையோ சுமார் 70 கோடி ஏக்கர். பல இடங்களில் மேல்மண் ஒருவர் பேரில் இருக்கும், அடியிலுள்ள எண்ணெய் அரசுடையதாக இருக்கும். அதை அரசு ஏலம் விட்டால் அவர் மாடு மேய்க்கும் இடத்துக்கு நடுவே ரிக் (துளையிடும் கோபுரம்) வந்து நிற்கும்.

புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வில், நாட்டின் மொத்தத்தில் அரசு நிலத்தின் பங்கு கால்வாசி என்று ஓரிடத்தில் படித்தேன். இன்னோர் இடத்தில் மிகக் குறைவு என்கிறார்கள். யார் பொய் சொல்கிறார்கள்? (கோவை வாசகர்)

யாரும் இல்லை. உற்பத்தி வேறு, எரிப்பு வேறு. இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2005 முதல் 2014 வரையிலான சராசரிப்படி, நாட்டின் கரியமில வாயுவில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு அரசு நிலத்து எரிபொருளிலிருந்து வருகிறது. எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேனில் 7 சதவீதம். அந்தக் கால்வாசியில் மிகப் பெரும்பகுதி, எடுத்த சரக்கு எங்கோ ஓர் அனல்மின் நிலையத்திலோ கார் எஞ்சினிலோ எரிந்தபோது வந்தது.

வயோமிங்கின் பவுடர் ரிவர் படுகையைப் பாருங்கள். நாட்டின் நிலக்கரியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. மேலாகக் கிடக்கும் நிலக்கரி, திறந்தவெளிச் சுரங்கம். தோண்டும்போது மீத்தேன் குறைவு, எரிக்கும்போதுதான் வினை. நியூ மெக்சிகோவின் எரிவாயுக் கிணறுகள் அப்படி இல்லை, அங்கே மீத்தேன் கசிவதால் கிணற்றடியிலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது. யாராவது ஒரு சதவீதத்தை நீட்டினால் எது உள்ளே, எது வெளியே என்று கேட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள்.

புவியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கா, 80 மடங்கா? (ஏழு பேர்)

நூறு வருடக் கணக்கில் 28 சொச்சம், இருபது வருடக் கணக்கில் 80 சொச்சம். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்பவரை நம்பாதீர்கள்.

வாயு கண்ணுக்குத் தெரியாதே, கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (ஈரோடு மாணவி)

நல்ல கேள்வி. மேலிருந்தும் பார்க்கிறார்கள், கிட்டே போயும் பார்க்கிறார்கள். நான்கு மாநிலங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கும் ஃபோர் கார்னர்ஸ் பகுதியில், சுமார் 6,500 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மீத்தேன் திட்டு இருப்பதை 2003 முதல் 2009 வரையிலான செயற்கைக்கோள் தரவு காட்டியது. 2014-ல் அந்த ஆய்வு வெளியானதும் நாசா விஞ்ஞானிகள் விமானத்தில் கருவிகளோடு சுற்றினார்கள். 250-க்கும் மேற்பட்ட கசிவிடங்கள் சிக்கின. அவற்றில் பத்தில் ஒரு பங்கு இடங்களே பாதிக் கசிவுக்குக் காரணம். எல்லாக் கிணறும் ஒரே அளவு கசிவதில்லை, சில மட்டும் கொட்டித் தீர்க்கின்றன. அந்தச் சிலதைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கிட்டே போனால் என்ன தெரியும்? அதே பகுதியில் ஒரு கிணற்றுத் திடலில் அகச்சிவப்புக் கேமராவோடு நான் நின்றிருக்கிறேன். வெறும் கண்ணுக்குப் பச்சை பெயின்ட் அடித்த தொட்டி, நீல வானம், அவ்வளவுதான். கேமராவில் பார்த்தால் தொட்டியின் மேல்மூடி ஓரத்தில் சோற்றுப் பானை பொங்குவதுபோல் புகை வழிகிறது. மூடியை இறுக்கமாக வைக்கும் கேஸ்கெட் வளையம் வெடித்திருந்தது. மூடி எழும்பாமல் இருக்க யாரோ மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். புதுக் கேஸ்கெட்டின் விலை அன்று எங்கள் எல்லோருடைய மதியச் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

கிணற்றடியில் வாயுவை எரித்துவிட்டால் மீத்தேன் போய்விடுமே, பிறகென்ன? (திருச்சி வாசகர்)

எரிந்தால் போய்விடும். எரிகிறதா? எரியும் கொழுந்தில் 98 சதவீத மீத்தேன் அழிந்துவிடும் என்பது பல காலமாக ஏட்டில் எழுதி வைத்த எண். 2022-ல் விமானத்தில் போய் அளந்தவர்களுக்குக் கிடைத்தது 91. சில கொழுந்துகள் சரியாக எரிவதில்லை, சில அணைந்தே கிடக்கின்றன. தப்பிப்பது 2 அல்ல, 9 சதவீதம், அதாவது நாலு மடங்குக்கும் மேல். ஏட்டு எண்ணை நம்பாதீர்கள், அளந்த எண்ணைக் கேளுங்கள்.

"அரசு நிலத்தில் எண்ணெய் எடுக்க அமெரிக்கா தடை" என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா, தேதியும் இல்லை. 2021 ஜனவரியில் புதிய குத்தகைகளை நிறுத்தி வைத்தார்கள், ஜூனிலேயே லூசியானாவிலுள்ள மத்திய நீதிமன்றம் அந்த நிறுத்தத்துக்குத் தடை போட்டது. அந்தச் செய்தி இத்தனை வருடம் கழித்து உங்கள் குடும்பக் குழுவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நிறுத்தியதும் புதுக் குத்தகையை மட்டும்தான். அப்போதே 2.6 கோடி ஏக்கர் குத்தகையில் இருந்தது, அதில் பாதிக்கு மேல் உற்பத்தியே தொடங்கவில்லை. குத்தகை பத்து வருடத்துக்கு, எண்ணெய் வந்துகொண்டிருந்தால் அதற்குப் பிறகும் ஓடும். இன்று பூட்டுப் போட்டாலும் உமிழ்வு நாளைக்கே குறையாது.

எண்ணெய் தீர்ந்த கிணற்றை மூடுவது யார் பொறுப்பு? கம்பெனி ஓடிப்போனால்? (ஹூஸ்டன் வாசகர்)

உட்காருங்கள், இதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

சட்டப்படி கம்பெனியின் பொறுப்புதான். ஓடிப்போனால் என்ன செய்வது என்பதற்காகத்தான் முன்கூட்டியே பிணைத்தொகை வாங்குகிறார்கள். சென்னையில் இரண்டு அறை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட காலம் நினைவிருக்கிறதா? சுவரில் ஆணி அடித்தால்கூடப் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்க அரசோ ஒரு குத்தகைக்கு, அதில் எத்தனை கிணறு இருந்தாலும் சரி, 10,000 டாலர் குறைந்தபட்சப் பிணை என்று 1960-ல் வைத்தது. ஒரு மாநிலம் முழுவதற்கும் சேர்த்துக் கட்டினால் 25,000. அது 1951-ல் வைத்த தொகை. இடையில் மனிதன் நிலாவுக்குப் போய் வந்தான், எண்ணெய் விலை எத்தனையோ முறை ஏறி இறங்கியது, அந்த 10,000 மட்டும் அசையவில்லை. விலைவாசிக்கு ஏற்ப ஏற்றியிருந்தால் இன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகியிருக்கும்.

விளைவைப் பாருங்கள். நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2019-ல் கணக்குப் போட்டது. கிணறு ஒன்றுக்கு அரசின் கையில் இருந்த பிணை சராசரியாக 2,100 டாலர். மூடிச் சீர்செய்ய ஆகும் செலவு சுலபமான கிணற்றுக்கு 20,000, கஷ்டமானதற்கு 1,45,000. பத்தில் ஒரு பங்கு அட்வான்ஸை விட்டுவிட்டு நழுவ முடியுமென்றால் யார்தான் நழுவ மாட்டார்கள்?

நழுவும் விதமும் சுவாரசியமானது. பெரிய கம்பெனி தோண்டும், நல்ல வருடங்களை அனுபவிக்கும். ஊற்று குறைந்ததும் சின்னக் கம்பெனிக்கு விற்கும். அது இன்னும் சின்னதற்கு விற்கும். கடைசியில் நாளுக்கு இரண்டு பீப்பாய் இறைத்துக்கொண்டு ஒரு கிழட்டுக் கிணறும், அதைவிடப் பலவீனமான ஒரு முதலாளியும் மிஞ்சுவார்கள். நான் போன ஒரு திடலில் பெயர்ப்பலகை கனமாக இருந்தது. ஓரத்தை உரித்துப் பார்த்தேன், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கம்பெனிகளின் ஸ்டிக்கர். மேலே இருந்த எண்ணுக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. கிணற்றுத்தலை வால்வில் சோப்புத் தண்ணீர் தெளித்தோம், குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது.

2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் இப்படிப் பொறுப்பேற்க ஆளில்லாத அநாதைக் கிணறுகளை மூட 470 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நல்லதுதான், ஆனால் அது வரி கட்டுபவர் பணம். 2024-ல்தான் குத்தகைப் பிணையை 1,50,000-ஆகவும் மாநிலப் பிணையை 5,00,000-ஆகவும் உயர்த்தினார்கள். அறுபது வருடத் தூக்கம். அதற்கும் தொழிலே செத்துவிடும் என்று கூப்பாடு. மீத்தேன் குறைப்புத் திட்டம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் பார்ப்பது டெபாசிட் எவ்வளவு என்பதைத்தான்.

ராயல்டியை உயர்த்தினால் உமிழ்வு குறையுமா? (மதுரை வாசகர்)

கொஞ்சம். 1920 சட்டத்திலிருந்து எண்ணெய், எரிவாயுவுக்கு அரசின் பங்கு எட்டில் ஒன்று, நம் பாட்டி கணக்கில் அரைக்கால். 2022-ல் புதுக் குத்தகைக்கு ஆறில் ஒன்றாக்கினார்கள், 2025 ஜூலையில் பழையபடி அரைக்காலுக்கே வந்துவிட்டது. பக்கத்திலேயே டெக்சாஸ் தன் மாநில நிலத்துக்குக் கால் பங்கு வரை வாங்குகிறது, அங்கே தோண்ட ஆளில்லாமல் போகவில்லை. நிலக்கரிக்கு அரைக்காலையும் 7 சதவீதமாக்கிவிட்டார்கள். ஆனாலும் 2025 அக்டோபரில் மொன்டானாவில் 16.7 கோடி டன் நிலக்கரியை ஏலம் விட்டபோது ஒரே ஒருவர்தான் வந்தார். கேட்ட விலை 1,86,000 டாலர், டன்னுக்குப் பத்தில் ஒரு சென்ட். அரசே வேண்டாம் என்றுவிட்டது.

அமெரிக்கா எடுக்காவிட்டால் வேறு நாட்டுக்காரன் எடுப்பான். அப்புறம் எதற்கு வீணாக நிறுத்த வேண்டும்? (சேலம் வாசகர்)

பி.எல்.எம்.-மும் இதையேதான் சொன்னது. பவுடர் ரிவர் படுகையில் சுமார் 200 கோடி டன் நிலக்கரிக் குத்தகை பற்றிய வழக்கு அது. இங்கே தோண்டாவிட்டால் அதே அளவு வேறிடத்திலிருந்து வரும், ஆகவே உமிழ்வில் மாற்றமில்லை என்றது. 2017-ல் டென்வரின் பத்தாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சந்தையில் சரக்கு குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் வாங்குவது குறையும். இது கோயம்பேட்டில் தக்காளி வாங்கியவருக்குத் தெரியும். முழுக்கக் குறையாது, சரி. துளியும் குறையாது என்பதும் தவறு. ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு யூட்டா ரயில்பாதை வழக்கில், சுற்றுச்சூழல் ஆய்வில் எவ்வளவு தூரம் பார்ப்பது என்பதைப் பெரும்பாலும் அரசுத் துறைகளிடமே விட்டுவிட்டது. இனி இப்படி வழக்கு ஜெயிப்பது கடினம்.

சோலார் வைத்து எண்ணெய்க் கிணறு ஓட்டினால் உமிழ்வு போய்விடுமாமே? (ஓசூர் வாசகர்)

எரிப்பு போகாது (மேலே கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்). ஆனால் ஒரு பலன் உண்டு. பழைய திடல்களில் வால்வுகளைத் திறந்து மூட எரிவாயுவின் அழுத்தத்தையே பயன்படுத்துகிறார்கள், ஒவ்வொரு தடவையும் புஸ்ஸென்று கொஞ்சம் வெளியே போகும். அதை மின்சாரத்துக்கோ காற்றழுத்தத்துக்கோ மாற்றினால் அந்தப் புஸ் நிற்கும்.

அமெரிக்க மத்திய அரசு விதி மாறிக்கொண்டே இருக்கிறது. எதை நம்புவது? (பெங்களூரு வாசகி)

மாநில விதியை. மத்தியில் 2016-ல் மீத்தேன் விதி போட்டார்கள், 2018-ல் கழற்றினார்கள், 2020-ல் ஒரு நீதிமன்றம் கழற்றியதை ரத்து செய்தது, இன்னொரு நீதிமன்றம் 2016-ல் போட்டதையே ரத்து செய்தது, 2024-ல் மறுபடி புதிதாகப் போட்டார்கள். கொலராடோ 2020-லேயே வழக்கமாக வாயுவை எரிப்பதற்குத் தடை போட்டது. நியூ மெக்சிகோ 2026 முடிவுக்குள் 98 சதவீத வாயுவைப் பிடிக்கச் சொல்கிறது. ஆனால் இங்கேயும் 98 என்பது அளந்ததா, எழுதியதா என்று கேளுங்கள்.

மகன் பெட்ரோலியம் எஞ்சினியரிங் படிக்கிறான். இனி அதில் எதிர்காலம் உண்டா? (நாகப்பட்டினம் வாசகர்)

கிணறு தோண்டக் கற்றுக்கொடுப்பார்கள். மூடவும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பல ஆயிரம் அடி குழாயில் சிமென்ட் இறக்கி, இறுகவிட்டு, அழுத்தச் சோதனை போடத் தெரிந்தவனுக்கு அங்கே பல காலத்துக்கு வேலை கிடக்கிறது.