யோகா பயிற்றுநர் ஆக வேண்டுமா? நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வணக்கம். 11 ஆண்டுகளாக யோகா சொல்லித்தருகிறேன். கடைசி 5 ஆண்டுகளாக, பயிற்றுநர் ஆவதற்காகப் படிக்க வருபவர்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். தொடக்க நிலைப் பயிற்சி பற்றி வந்த கேள்விகளை ஒன்று விடாமல் படித்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. குனிந்தால் கை கால்விரலைத் தொடாது. நான் இந்தப் படிப்பில் சேரலாமா?

தாராளமாகச் சேருங்கள். சின்ன வயதிலிருந்தே உடம்பு வில்லாக வளைபவர்களுக்குத்தான் பிறருக்குச் சொல்லித்தருவது கஷ்டம். இறுக்கம் என்றால் என்னவென்று அவர்கள் உடம்புக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பச்சிமோத்தானாசனத்தில் கால் நீட்டி உட்காரும்போது முதுகு கூன் விழுகிறதா? ஒரு போர்வையை மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள், முட்டியைக் கொஞ்சம் மடக்குங்கள். இடுப்பு முன்னால் சாயும், முதுகு தானாக நிமிரும். இதை நீங்கள் அனுபவித்துக் கற்றுக்கொண்டால், நாளைக்கு உங்கள் முன்னால் உட்காரும் இன்னொருவருக்குச் சரியாகச் சொல்வீர்கள்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசிரியரிடம் குறைந்தது ஒரு வருடமாவது விடாமல் பயிற்சி செய்த பிறகு சேருங்கள்.

கேள்வி: 200 மணி நேரம், 300 மணி நேரம், 500 மணி நேரம் என்கிறார்கள். தலை சுற்றுகிறது. எதில் தொடங்குவது?

200-இல். 300 என்பது அதை முடித்தவர்கள் மேற்கொண்டு படிப்பது. இரண்டும் சேர்ந்தால் 500.

இந்த அளவு பரவலானதற்கு முக்கியக் காரணம் 1999-இல் அமெரிக்காவில் உருவான யோகா அலையன்ஸ் அமைப்பு. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். அது ஒரு பதிவேடு. சான்றிதழ் தருவது நீங்கள் படிக்கும் பள்ளி. அந்தப் பள்ளி அங்கே பதிவாகியிருந்தால் நீங்களும் பிறகு பதிவு செய்துகொள்ளலாம். யோகா அலையன்ஸ் வகுத்த 200 மணி நேரப் பாடத்திட்டத்தில் ஆசனம், பிராணாயாமம், தியானப் பயிற்சிகளுக்கு 75 மணி நேரம், உடற்கூறியலுக்கு 30, வரலாறு, தத்துவம், நெறிமுறைக்கு 30, கற்பிக்கும் முறைக்கு 50. மீதியைப் பள்ளி தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும்.

இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் இருக்கிறது. அதில் பயிற்றுநருக்கான முதல் படி 'யோகா புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர்'. அங்கே எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறினால் வாரியத்தின் சான்றிதழ் கிடைக்கும். நீங்கள் எங்கே வகுப்பு எடுக்கப் போகிறீர்கள், அங்கே எதைக் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 12 நாளில் 200 மணி நேரச் சான்றிதழ் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

200-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் வருகிறது. தினமும் 8 மணி நேரம் படித்தாலே 25 நாள் வேண்டும். தத்துவமும் உடற்கூறியலும் ஆன்லைனில் படிக்கலாம், தவறில்லை. ஆனால் ஒருவர் மூச்சை அடக்குகிறார் என்பது அவர் பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'பயிற்சிக் காலத்தில் நான் எத்தனை முறை எழுந்து நின்று வகுப்பு எடுப்பேன்?' தெளிவான பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: மேடம், செய்முறைத் தேர்வை நினைத்தாலே கை நடுங்குகிறது. என்ன பார்ப்பார்கள்?

நான் பயிற்சியில் இருந்தபோது முதல் முறையாக 20 நிமிடம் வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். திரிகோணாசனம். அழகாகச் செய்து காட்டினேன், கால் அகலம், கை நேர்கோடு எல்லாம் கச்சிதம். முடிந்ததும் என் ஆசிரியர் கேட்டார்: "மூன்றாவது வரிசையில் இருந்த அம்மாவின் முன்முட்டி எந்தப் பக்கம் போனது?" எனக்குத் தெரியவில்லை. 20 நிமிடமும் நான் என் ஆசனத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த அம்மாவின் முட்டி உள்பக்கம் சரிந்தே இருந்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் நாளடைவில் வலியில் முடிந்திருக்கும்.

இப்போது மதிப்பிட உட்காரும்போது நானும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்: இவர் கண் எங்கே இருக்கிறது? செய்து காட்டுவது ஒரு முறை போதும். அப்புறம் எழுந்து நடங்கள், வாயால் சொல்லுங்கள். மூச்சை முதலில் சொல்லி அசைவைப் பிறகு சொல்லுங்கள்: "மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை உயர்த்துங்கள்." ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு. எதிரே நின்று செய்து காட்டினால் கண்ணாடி போல நில்லுங்கள். "வலது கை" என்று சொல்லிவிட்டு உங்கள் இடது கையைத் தூக்க வேண்டும். இது பழக இரண்டு வாரமாவது ஆகும். வீட்டில் யாரையாவது முன்னால் நிற்க வைத்துப் பழகுங்கள்.

கேள்வி: நான் அறிவியல் படிக்கவில்லை. உடற்கூறியல் வருமா?

வரும். எல்லா எலும்பின் பெயரும் வேண்டாம். கழுத்து, தோள், கீழ்முதுகு, இடுப்பு, முட்டி ஆகிய ஐந்தும் எந்தெந்தப் பக்கம் அசையும், எந்தப் பக்கம் அசையக் கூடாது என்று முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் மற்றப் பாதத்தை முட்டியின் பக்கவாட்டில் ஏன் வைக்கக் கூடாது? முட்டி மடங்கி நிமிரவே அமைந்தது, பக்கவாட்டு அழுத்தம் அதற்கு ஆகாது. பாதம் தொடையில் இருக்கட்டும், முடியாவிட்டால் கெண்டைக்காலில்.

அடுத்து, யாருக்கு எது கூடாது என்பது. இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. கண் அழுத்த நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தலைகீழாக நிற்கும் சிரசாசனம் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும், வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே விடும் கபாலபாதி வேண்டாம்.

கேள்வி: சமஸ்கிருதப் பெயர்களை எப்படி மனப்பாடம் செய்வது?

உடைத்துப் படியுங்கள். ஜானு என்றால் முட்டி, ஹஸ்தம் கை, பாதம் பாதமேதான். விருட்சம் மரம், புஜங்கம் பாம்பு. பச்சிமம் பின்பக்கம், உத்தானம் நன்றாக நீட்டுவது. பத்து இருபது சொல் தெரிந்தால் பெயரே ஆசனத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும். தத்துவத் தாளுக்கும் பயப்படாதீர்கள். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களை வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஆசனம் அதில் மூன்றாவது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டையும் பாடியிருக்கிறார். தமிழில் படித்தால் சட்டென்று மனதில் நிற்கும்.

கேள்வி: தொட்டுத் திருத்தலாமா?

கேட்டுவிட்டு மட்டும். ஒவ்வொரு முறையும் கேளுங்கள். முதல் வருடம் வாயால் மட்டுமே திருத்தப் பழகினால் இன்னும் நல்லது.

கேள்வி: "யோகா செய்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா" என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல?

"உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்." இதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். நம் மேல் உள்ள நம்பிக்கையில்தான் கேட்கிறார்கள். அதனால்தான் இதில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன்.

கேள்வி: சான்றிதழ் கையில் வந்துவிட்டது. இனி எங்கே தொடங்குவது?

தெரிந்தவர்கள் நாலு பேரைக் கூப்பிடுங்கள். ஒரே 45 நிமிட வகுப்பை, ஆசன வரிசையை மாற்றாமல் எட்டு வாரம் எடுங்கள். அடுத்து என்ன ஆசனம் என்று யோசிக்கும் வேலை இருக்காது, அதனால் அவர்களைப் பார்க்க முடியும். கர்ப்பிணிகள், குழந்தைகள் கேட்டு வந்தால் இப்போதைக்கு அனுபவமுள்ள ஒருவரிடம் அனுப்புங்கள். அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒரு நோட்டில், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அன்று அவர் உடம்பில் நீங்கள் கவனித்த ஒரு விஷயத்தை எழுதுங்கள். யார் பெயருக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லையோ, அடுத்த வகுப்பில் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.