33 வயதில் பி.டெக் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரப்போகிறேன். அதற்குள் என்ன படித்து வைக்க வேண்டும்?

கேட்டவர் சொன்ன விவரம் இது: வயது 33. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு, கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. லேட்டரல் என்ட்ரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டில் சேர நினைக்கிறார். கையில் சில மாதம் இருக்கிறது, அதற்குள் ஒரு மெஷின் லேர்னிங் கோர்ஸில் பணம் கட்டலாமா என்று கேட்கிறார். வேலையை விடலாமா, எந்த லேப்டாப் போதும் என்றும் கேட்டிருக்கிறார்.

கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்த மாதங்களை சி மொழிக்கும் கொஞ்சம் கணிதத்துக்கும் கொடுங்கள். நானும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரிதான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்து, கம்பெனியில் வேலை பார்த்து, குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இதே வழியில் சேர்ந்து முடித்தேன். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

லேட்டரல் என்ட்ரி என்றால் முதல் வருடப் பரீட்சை உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். அந்த வருடம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் மூன்றாம் செமஸ்டர் ஆரம்பிக்கும். ஆரம்பமே டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தகவலை மெமரியில் அடுக்கிவைக்கும் முறைகள்), ஜாவா, லாஜிக் டிசைன், ஒரு கணிதத் தாள். கேரளத்து ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலையில் 2024 ஸ்கீம் என்ற பாடத்திட்டம் வந்து பாடங்கள் மாறியிருக்கின்றன. அதனால் பழைய சீனியர் சொன்னதை நம்பாமல், உங்கள் ஆண்டுக்கான பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். மூன்றாம் செமஸ்டரை மட்டும் பார்க்காமல் முதல் இரண்டு செமஸ்டரையும் பாருங்கள். உங்களுக்கு விட்டுப்போவது அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் என்ற பாடத்திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் இதே கதைதான். பைத்தானும் சியும் முதல் வருடத்திலேயே முடிந்துவிட்டன, மூன்றாம் செமஸ்டரில் டிஸ்கிரீட் மேத்ஸும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் சேர்ந்து வந்தன.

சியில் எதுவரை படிக்க வேண்டும்? லூப், அர்ரே, ஃபங்ஷன் எல்லாம் ஓரளவு தானாக வந்துவிடும். ஆள் திணறுவது பாயிண்டரில், அதாவது மெமரியில் ஒரு இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறியில். அதைப் பேப்பரில் படியுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் மூன்று கட்டம் போட்டு 10, 20, 40 என்று எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மனதுக்குத் தோன்றிய முகவரி கொடுங்கள்: 1000, 2040, 3500. பத்தின் கட்டத்துக்குள் 2040 என்று எழுதுங்கள், அடுத்தவர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். இருபதின் கட்டத்தில் 3500. நாற்பதுக்கு அடுத்து யாரும் இல்லை, அதற்கு NULL என்று எழுதுங்கள். லிங்க்டு லிஸ்ட் என்பது இவ்வளவுதான். இப்போது 5000 என்ற முகவரியில் 30ஐ உண்டாக்கி நடுவில் நுழைக்க வேண்டும். முதலில் முப்பதின் கட்டத்தில் 3500 என்று எழுதிவிட்டு, அப்புறம் இருபதின் கட்டத்தை 5000 என்று மாற்றுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் 3500 அழிந்துபோகும். நாற்பது மெமரியில் அப்படியே இருக்கும், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ரப்பரால் அழித்து அழித்து இதைப் போட்டுப் பார்த்தவருக்கு ஸ்டாக், க்யூ, ட்ரீ எதுவும் பயம் காட்டாது.

அது கைக்கு வந்ததும் அதே கட்டத்தை சியில் ஸ்ட்ரக்சராக (எண்ணும் பாயிண்டரும் சேர்ந்த ஒரு கட்டாக) எழுதி, அது எத்தனை பைட் பிடிக்கிறது என்று சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்கள். இன்ட் 4 பைட், பாயிண்டர் 8 பைட், கூட்டினால் 12. ஆனால் நம் 64 பிட் லேப்டாப்பில் 16 என்று காட்டும். பாயிண்டர் எட்டின் மடங்கான முகவரியில்தான் உட்கார வேண்டும் என்பதற்காகக் கம்பைலர் 4 பைட்டைக் காலியாக விடுகிறது. இப்படி "ஏன்?" என்று நின்று பார்க்கிற பழக்கம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு உண்டு. நீங்கள் சி.என்.சி. (கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் ஓடும் மெஷின்) ஓட்டியவராக இருந்தால், ஸ்டார்ட் பட்டனை அமுக்கும் முன் ப்ரோக்ராமை வரி வரியாக மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பீர்களே, அதே பொறுமைதான் இங்கேயும் வேண்டும். 19 வயதுப் பிள்ளைகள் வேகமாக டைப் அடிப்பார்கள். அந்த வேகத்தைப் பார்த்து மிரள வேண்டாம்.

கணிதத்தில் எல்லோரும் இன்டக்ரேஷனைத்தான் தூசி தட்டுகிறார்கள். டிப்ளமோவில் அது ஓரளவு வந்துபோனதுதான். புதிதாக இருப்பது டிஸ்கிரீட் மேத்ஸில் வரும் கணங்கள் (செட்), ரிலேஷன், லாஜிக், நிரூபணம். "மழை பெய்தால் பஸ் வராது" என்ற வாக்கியம், மழையே பெய்யாத நாளில் பஸ் வந்தாலும் வராவிட்டாலும் உண்மைதான் என்பதை மனம் ஏற்கக் கொஞ்சம் நாள் பிடிக்கும். அந்த நாளை இப்போதே செலவழித்துவிடுங்கள். 1 முதல் n வரை கூட்டினால் n(n+1)/2 என்பதை இன்டக்‌ஷன் முறையில் யார் உதவியும் இல்லாமல் எழுத வர வேண்டும். லாகரிதமும் வேண்டும். வரிசைப்படுத்திய 1000 எண்ணில் ஒன்றைத் தேட, பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போகும் பைனரி சர்ச்சுக்கு அதிகபட்சம் 10 ஒப்பீடு, 10 லட்சத்துக்கு 20தான் என்பது அதிலிருந்துதான் வருகிறது.

மொழி விஷயம் நம் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. பாடம் ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும், பிள்ளைகள் முகத்தில் குழப்பம் தெரிந்ததும் ஆசிரியர் மலையாளத்துக்குப் போய்விடுவார். நமக்கு அதைக் கேட்பதில் சிரமம் இல்லை. பரீட்சைதான் முழுக்க ஆங்கிலம். பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவர்களுக்கு அடி விழுவது எழுதுகிற இடத்தில். புரிந்துகொள்வதற்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் சி, லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாக இருக்கின்றன, தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கேட்டு முடித்ததும் அன்றைக்குப் படித்ததை ஐந்து வரி ஆங்கிலத்தில் கையால் எழுதிவிடுங்கள். இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை. தமிழில் யோசித்ததை ஆங்கிலத்தில் இறக்கிவைக்கிற பழக்கம் பரீட்சையில் சோறு போடும்.

இனி சேர்க்கை. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) விதிப்படி எந்தப் பிரிவு டிப்ளமோவாக இருந்தாலும் 45 சதவீதம் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40) இருந்தால் இரண்டாம் ஆண்டுக்குத் தகுதி உண்டு, மெக்கானிக்கல் என்பது தடையில்லை. பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி.காரர்களுக்கும் இந்த வழி இருக்கிறது. கேரளத்தில் எல்.பி.எஸ். சென்டர் நடத்தும் எல்.இ.டி. (லேட்டரல் என்ட்ரி டெஸ்ட்) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டில் என்றால் நுழைவுத் தேர்வு இல்லை, டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு, அதைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி நடத்திவருகிறது. ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் மாவட்டம் இருக்கிறது, அங்கே இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு இ.செட். நுழைவுத் தேர்வு.

எல்லையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது சாதிச் சான்றிதழ். பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரே சாதிக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கிற ஒதுக்கீடு கேரளத்தில் வேறு பிரிவில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அப்பாவுக்குத் தமிழ்நாட்டுச் சான்று, பிள்ளைக்குக் கேரளத்து ரேஷன் கார்டு என்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய. விண்ணப்பம் வந்த பிறகு வில்லேஜ் ஆபீஸுக்கு ஓடாமல் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். டிப்ளமோவின் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் டி.சி.யும் பத்திரமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வேலையை விடலாமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ரெகுலர் படிப்புக்கு 75 சதவீத வருகை வேண்டும், ஷிப்ட் வேலையோடு அது நடக்காது. ஆனால் 2023-24 முதல் வேலை செய்பவர்களுக்கென்று, அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பு நடத்த ஏ.ஐ.சி.டி.இ. கல்லூரிகளை அனுமதிக்கிறது. பக்கத்துக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸில் அந்த பேட்ச் இருக்கிறதா, பட்டம் அதே பல்கலைக்கழகம் தருவதா என்று நேரில் போய்க் கேளுங்கள். இருந்தால் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டியதில்லை. வீட்டில் வருமானம் உங்கள் ஒருவருடையது என்றால் நான் அதைத்தான் முதலில் தேடச் சொல்வேன்.

லேப்டாப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 8 ஜி.பி. ராமும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் பழைய மெஷினே போதும், உபுண்டு லினக்ஸ் போட்டு, சி ப்ரோக்ராமை ஓட்ட உதவும் ஜி.சி.சி. கம்பைலரில் பழகுங்கள். லேட்டரல் சேர்க்கை முடிந்து நீங்கள் உள்ளே போகும்போது வகுப்பு ஏற்கெனவே ஆரம்பித்திருக்க வாய்ப்பு அதிகம். போன அன்றைக்கே கிளாஸ் ரெப் யார் என்று விசாரித்து, அதுவரை நடந்த லேப் ப்ரோக்ராம்களை வாங்கிக்கொண்டு ரெக்கார்டை எழுத ஆரம்பித்துவிடுங்கள்.