ஜி.எச்.ஐ.சி. கார்டு இருந்தால் போதுமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாரிஸ் போகிறோம். வெளிநாட்டுப் பயணத்தில் வைத்தியத்துக்காக பிரிட்டன் தரும் ஜி.எச்.ஐ.சி. (Global Health Insurance Card) கார்டு இருந்தால் இன்சூரன்ஸ் வேண்டாம் என்கிறார் நண்பர். நிஜமா?

பதில்: நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. அந்தக் கார்டு பிரிட்டனில் முறைப்படி குடியிருப்பவர்களுக்கானது. பயணத்தின்போது திடீரென நெஞ்சு வலித்தாலோ படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டாலோ, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அரசு மருத்துவத்தில் அந்த ஊர்க்காரர் கொடுக்கும் அதே கட்டணத்தில் வைத்தியம் கிடைக்கும். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்ஸில் டாக்டருக்கு முதலில் உங்கள் பையிலிருந்துதான் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் ஒரு பகுதி திரும்பி வரும், அதனால் ரசீதைத் தொலைக்காதீர்கள். தனியார் மருத்துவமனைச் செலவும், நோயாளியை விமானத்தில் லண்டனுக்குக் கொண்டுவரும் செலவும் இதில் வராது. அதற்குத்தான் இன்சூரன்ஸ்.

அம்மா விசிட் விசாவில் வந்தவர்தானே? அவருக்கு இந்தக் கார்டே கிடைக்காது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால், பிரான்ஸ் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கே குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும், அதனால் அங்கே தப்பிக்க வழியில்லை.

கார்டு பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள்.