குளம் நிறைந்தது, போர்வெல் எத்தனை?

அன்புள்ள ஐயா,

அரசின் நீர்த்திட்டங்கள் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், ‘கல்வெட்டு திறப்பதோடு முடிந்துபோகிறவை’ என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டீர்கள். நான் அவிநாசிப் பக்கம். எங்கள் அப்பாரு காலத்திலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் அத்திக்கடவுத் தண்ணீர் வரும் என்றார்கள். அப்பாரு அதைப் பார்க்காமலே போய்விட்டார். எங்கள் ஊர்க் குளத்தில் குழாய் வழியே தண்ணீர் விழுந்த அன்று ஊரே கரையில் நின்றது. இதுவும் உங்களுக்குக் கல்வெட்டுத்தானா? கடல்தண்ணீரைக் குடிநீராக்கிக் குடிக்கிற சென்னைக்காரருக்கு எங்கள் வறட்டுப் பூமி எங்கே தெரியப்போகிறது? ஒருமுறை வந்து குளத்தைப் பாருங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. கோபத்தில் வந்த வரி. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் உண்மையிலேயே பெரிய வேலை. 2019இல் அ.தி.மு.க. ஆட்சியில் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்டில் தி.மு.க. ஆட்சியில் திறந்தார்கள். முந்தைய ஆட்சி தொடங்கியதை அடுத்தவர் முடித்துவைப்பதே நம் ஊரில் அபூர்வம். மேலே அத்திக்கடவு மலையடிவாரத்திலிருந்து கால்வாய் வெட்டித் தானாக ஓடவிடுவதுதான் பழைய யோசனை. கடைசியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, 1,045 குளங்குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அத்திக்கடவு இப்போது பெயரில்தான் இருக்கிறது. இருக்கட்டும், தண்ணீர் வந்ததல்லவா.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திட்டத்தின் அளவு ஒன்றரை டி.எம்.சி., அதாவது நூற்றைம்பது கோடி கனஅடி. 1,045ஆல் வகுத்தால் சராசரியாக ஒரு குளத்துக்கு நாலு கோடி லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் மூவாயிரத்து முந்நூறு லோடுக்கு மேல் வரும். சின்ன விஷயமில்லை. ஆனால் இந்தத் தண்ணீர் குளத்தில் நிற்பதற்காக வரவில்லை. பூமிக்குள் இறங்க வேண்டும், சுற்றியிருக்கிற கிணறும் போரும் ஊற வேண்டும், அதுதான் நோக்கம். பவானியில் உபரி இல்லாத வருடம் இதுவும் வராது. அப்படிப்பட்ட வருடத்தில், போன வருடம் இறங்கிய தண்ணீர் யாருக்கு?

ஆழமாகப் போர் போட்டவருக்கு. உங்கள் பக்கம் ஆயிரம் அடி என்பது இப்போது சாதாரணப் பேச்சு. விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். (அதை நிறுத்தச் சொல்லவில்லை, கல்லெடுத்து விடாதீர்கள்.) ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் செலவில் அரசு மேலிருந்து ஊற்றுகிறது. கீழிருந்து எவ்வளவு எடுக்கலாம், எத்தனை அடிக்கு ஒரு போர் என்று கேட்கிற ஆள்தான் இல்லை. தொழிற்சாலைகளுக்கு அனுமதி, அரசாணை என்று சில உண்டு. தோட்டத்துப் போர்களை எந்தக் கட்சியும் தொடாது.

ஒருகாலத்தில் தொடப் பார்த்தார்கள். நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைக்கென்று 2003இல் ஒரு சட்டம் நிறைவேறியது. பத்து வருடம் நடைமுறைக்கே வராமல் கிடந்து 2013இல் ரத்தானது. கொண்டுவந்ததும் ரத்துசெய்ததும் ஜெயலலிதா அரசு. நடுவில் ஐந்து வருடம் ஆண்ட தி.மு.க.வும் அதைத் தூசி தட்டவில்லை. என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். தண்ணீர் கொண்டுவரும் திட்டத்துக்கு எல்லா அரசும் ஓடி ஓடி வேலை செய்கிறது. எடுப்பதை எண்ணும் வேலை என்றால் எல்லா அரசும் நழுவுகிறது.

இத்தனைக்கும் அதே 2003இல் அதே அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியது. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றது. சென்னையே அலறியடித்துக்கொண்டு குழி தோண்டியது. எங்கள் வீட்டிலும் தோண்டினோம். கொத்தனார் உடைந்த செங்கல்லும் ஜல்லியும் போட்டு மூடினார். ஒருவர் வந்து குழாயை அண்ணாந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். அடுத்த சில வருடம் நல்ல மழை, கிணற்றில் கை எட்டும் தூரத்தில் தண்ணீர். அப்புறம் அந்தக் குழியை நான் மறந்தே போனேன். 2019 கோடையில், செம்பரம்பாக்கமும் புழலும் பூண்டியும் சோழவரமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை வந்தபோதுதான் திறந்து பார்த்தேன். ஜல்லி தெரியவில்லை. மேல்வரை களிமண், அதில் வேப்பங்கன்று ஒன்று வேர்விட்டிருந்தது. இதில் அரசைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்தப் பதினாறு வருடத்தில் ஒருவர்கூட இரண்டாவது தடவை வந்து பார்க்கவில்லை என்பதும் உண்மை. அந்தக் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினேன். எந்த ஊர்க் கிணற்றில் எடுத்தது என்று நானும் கேட்கவில்லை. சென்னைப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987இலேயே சட்டம் இருக்கிறது, தெரியுமா?

கடல்தண்ணீர் விஷயம். நீங்கள் சொன்னது சரி, குடிக்கிறோம். மீஞ்சூர் ஆலை 2010, நெம்மேலி ஆலை 2013, அங்கேயே நாளொன்றுக்கு 15 கோடி லிட்டரில் இரண்டாவது ஆலை 2024. அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும், கழிவாக வரும் உப்புநீர் மறுபடி கடலுக்கே போகும். இவ்வளவு பெரிய நகரத்துக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் கடல் கைகொடுக்கும் என்ற தைரியம் வந்தபின் ஏரியை யார் கவனிப்பார்கள் என்ற பயம் இருக்கிறது.

கட்டுப்பாடு என்றால் நம் ஜனங்கள் கேட்கமாட்டார்கள் என்பீர்கள். உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்கென்று நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். அது சாயக்கழிவின் தொட்டியானது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது திருப்பூரில் நடைமுறைக்கு வந்தது. தொழில் படாத பாடு பட்டது, ஆனால் அழிந்துவிடவில்லை. அரசு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதை நீதிமன்றம் சொல்லவேண்டி வந்ததுதான் வருத்தம்.

குளம் பார்க்கக் கட்டாயம் வருகிறேன். கார்த்திகையில் வரலாமா? அதற்குள் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குளத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் எத்தனை போர் இருக்கிறது, அதில் தண்ணீர் வந்த பிறகு போட்டது எத்தனை என்று எண்ணி வையுங்கள். கரையில் உட்கார்ந்து பேசலாம்.