விலையை மாற்ற யாரைக் கூப்பிடுவீர்கள்?

கேள்வி: நானும் கல்லூரி நண்பர் ஒருவரும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறோம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலைகளில் உடைப்பு, உரிப்பு வேலைக்குக் கிலோ கணக்கில் தரும் கூலியைக் கணக்கிடும் ஆப் எங்களுடையது. புரோகிராம் எழுதுவது அவர். ஆலை ஆலையாகப் போய்ப் பேசி விற்பது நான். கம்பெனிக்கு ஒரு வெப்சைட் வேண்டும். நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற புரோகிராமர் கருவியில் தானே எழுதித் தருவதாகச் சொல்கிறார் நண்பர். விக்ஸ் மாதிரி இழுத்துப் போட்டுச் செய்கிற ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. புதுச்சேரியில் ஒரு நிறுவனம், டொமைன் (இணைய முகவரி) வாங்குவது முதல் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
— வாசகி, கடலூர்

பதில்: நண்பர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வெப்சைட்டை அவரிடம் கொடுக்காதீர்கள். நன்றாகவே செய்துவிடுவார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த மாதம் விலையை மாற்ற வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அவர் ஆப்பில் ஏதோ கோளாறைச் சரிசெய்துகொண்டிருப்பார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். அந்த நாளை வர இரண்டு வாரம் ஆகும்.

உங்கள் வெப்சைட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று யோசியுங்கள். கூகுளில் தேடி வரும் ஆலைக்காரர் இப்போதைக்குக் குறைவாகத்தான் இருப்பார். நேரில் பேசிவிட்டு வந்தபின் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்க்கை, சாயங்காலம் போனில் தட்டிப் பார்ப்பவர்தான் அதிகம். கூடவே மகனிடமோ கணக்குப்பிள்ளையிடமோ காட்டுவார். மாதம் எவ்வளவு, நெட் போனால் கணக்கு என்ன ஆகும், எடை போடுகிறவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விகளை ஆலையில் நின்று கேட்டு வருவது நீங்கள். பதிலை அன்று ராத்திரியே பக்கத்தில் ஏற்ற வேண்டியவரும் நீங்கள்தான். ஆகவே எந்த முறையானாலும், நீங்களே திருத்த முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்படியானால் விக்ஸா? தொடங்குவது சுலபம், ஒரே நாளில் பக்கம் தயாராகிவிடும். ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு ஹோஸ்டிங்குக்கு (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் வாடகை இடம்) கொண்டுபோக முடியாது. வெளியேறும் நாளில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதே மாதிரியான வெப்ஃப்ளோவில் கட்டணத் திட்டம் இருந்தால் தளத்தின் புரோகிராம் வரிகளை வெளியே எடுக்கலாம். ஆனால் அதன் ஃபார்ம்கள் வெளியே வேலை செய்யாது.

என் ஓட்டு வேர்ட்பிரஸுக்கு. தளத்தை நீங்களே எழுதித் திருத்த உதவும் மென்பொருள் அது. 2003-இல் வந்தது, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள். உலகில் பத்துத் தளங்களில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன, அதனால் உதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. ஹோஸ்டிங் பிடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் போகலாம். அதன் தலைவலி பிளகின்கள், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்கள். பாதுகாப்பு ஓட்டைகளில் பெரும்பாலானவை அவை வழியாகத்தான் வருகின்றன. ஐந்தாறு போதும். அப்டேட், பேக்கப் இரண்டையும் தாங்களே செய்துதரும் ஹோஸ்டிங்காகப் பார்த்து எடுங்கள். கண்ணைப் பறிக்கும் தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) வேண்டாம், போனில் திறக்க நேரமாகும். முக்கிய உள்ளடக்கம் இரண்டரை வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. முந்திரிப் படங்களை கேமராவிலிருந்து வந்தபடியே ஏற்றாமல், சுருக்கி ஏற்றுங்கள்.

நண்பருக்கும் வேலை உண்டு. டொமைனை இணைப்பது, வெப்சைட்டை முதன்மை முகவரியிலும் ஆப்பை அதன் கிளை முகவரியான தனி சப்டொமைனிலும் வைப்பது. இரண்டையும் கலக்கக் கூடாது. வெப்சைட்டில் நீங்கள் எதையாவது கெடுத்தாலும் ஆலையில் கூலிக் கணக்கு நிற்கக் கூடாது. இன்னொன்று, "வெர்செலில் போட்டால் இலவசம்" என்று அவர் சொல்லியிருந்தால், வெர்செல் என்ற ஹோஸ்டிங்கின் அந்த இலவசத் திட்டம் வணிகம் சாராத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற விதியை அவரிடம் காட்டுங்கள்.

புதுச்சேரி நிறுவனத்திடம் வடிவமைப்பை வாங்கிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. டொமைனை மட்டும் அவர்கள் கையில் விடாதீர்கள். உங்கள் கம்பெனி பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பணத்தில் பதிவாக வேண்டும். நாளைக்கு அவர்களோடு மனஸ்தாபம் வந்தால் தளத்தின் தோற்றத்தை மாற்றிக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரியை மாற்றுவது அப்படியில்லை.

தமிழில்தான் எழுதப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். (ஆங்கிலப் பக்கம் பிறகு வரட்டும், முதலீட்டாளர் யாராவது கேட்கும்போது.) நோட்டீஸ் அடித்த டிடிபி கடையிலிருந்து வாசகத்தை வாங்கி ஒட்டிவிடாதீர்கள். அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், கூகுளும் படிக்காது. எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் புதிதாக அடியுங்கள்.

ஆரம்பத்தில் ஒரே பக்கம் போதும். ஆப் என்ன செய்கிறது, விலை, ஆலையில் எடை போடும் இடத்தில் எடுத்த இரண்டு படம், போன் பட்டன், வாட்ஸ்அப் பட்டன். பெயர், மின்னஞ்சல், செய்தி என்று ஃபார்ம் வைக்காதீர்கள். ஆலைக்காரர் அதையெல்லாம் நிரப்பிக்கொண்டிருக்க மாட்டார், நேராக போன் போடுவார். அந்த எண் உங்கள் சொந்த எண்ணாக இல்லாமல், கம்பெனிக்கென்று எடுத்த தனி சிம்மாக இருக்கட்டும்.