மீன்தொட்டிக்கு மருந்துப் பெட்டி: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: கப்பி, டெட்ரா, கோரிடோராஸ் மீன்கள் உள்ள நன்னீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அவசரத்துக்குக் கையிருப்பாக என்னென்ன மருந்துகள் வாங்கி வைக்க வேண்டும்?

மருந்துக்கு முன்னால் தண்ணீருக்கானதை வாங்குங்கள். வீட்டுத் தொட்டிகளில் திடீரென்று மீன் செத்தால், பெரும்பாலும் காரணம் கிருமியாக இருக்காது. அம்மோனியா, நைட்ரைட், குளோரின், ஆக்சிஜன் குறைவு இவற்றில் ஒன்றாக இருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்ததும் மருந்தை ஊற்றினால், ஏற்கெனவே கெட்ட தண்ணீரில் இன்னொரு ரசாயனமும் சேரும்.

ஆகவே முதல் இடம் டெஸ்ட் கிட்டுக்கு. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கும் பார்க்கிற திரவ வகையே நல்லது. காகிதப் பட்டை வகை, டப்பாவைத் திறந்த நாளிலிருந்து ஈரம் குடித்துக் கெட ஆரம்பித்துவிடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். பிஎச் எவ்வளவு கூடுதலோ, அதே அளவு அம்மோனியா அவ்வளவு கொடியது என்பதால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

இரண்டாவது, குளோரின் நீக்கி. ஒரு முறை தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்ற நேர்ந்தாலும் போதுமான அளவு எப்போதும் இருக்க வேண்டும். சோடியம் தயோசல்பேட் படிகம் வாங்கினால் 100 கிராமைத் தண்ணீரில் கரைத்து 1 லிட்டராக்கிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் உள்ள 10 லிட்டர் தண்ணீருக்கு இந்தக் கரைசலில் 1 மி.லி. போதும், 2 மி.லி. விழுந்துவிட்டாலும் மீனுக்குத் தீங்கில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலக்கிறார்கள் என்றால் மட்டும் இது போதாது. தயோசல்பேட் குளோரமினை உடைக்கும்போது அம்மோனியா வெளிவரும். அம்மோனியாவையும் கட்டுகிற கலவையாகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, 20 முதல் 40 லிட்டர் கொள்ளும் தனித் தொட்டி, அதற்கொரு ஹீட்டர், மீன் ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய். தரையில் மணலோ கல்லோ வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சும். இந்தத் தொட்டிக்கான ஸ்பாஞ்ச் ஃபில்டர் அலமாரியில் காய்ந்து கிடந்தால் பயனில்லை. பெரிய தொட்டியின் மூலையிலேயே எப்போதும் ஓடட்டும். தேவைப்படும் அன்று, அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவோடு எடுத்து இங்கே மாட்டலாம்.

இத்தனைக்கும் பிறகுதான் மருந்து. உப்பு, வெள்ளைப்புள்ளிக்கான மருந்து, மெத்திலீன் ப்ளூ, குடற்புழு மருந்து ஒன்று. நன்னீர்த் தொட்டிக்கு இந்த நான்கு போதும்.

கேள்வி: என் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். பெருக்கினால் சுமார் 65 லிட்டர் வருகிறது. மருந்தை 65 லிட்டருக்கே போடலாமா? சிட்டிகைக் கணக்கில் தூளை எப்படி அளப்பது?

65-க்குப் போட்டால் கூடுதலாகிவிடும். கண்ணாடியின் விளிம்பு வரை யாரும் தண்ணீர் நிரப்புவதில்லை. நீர்மட்டம் 32 செ.மீ. என்றால் 60 × 30 × 32 = 57,600; ஆயிரத்தால் வகுத்தால் 57.6 லிட்டர். கண்ணாடியின் தடிமன், மணல், கல், வேர்க்கட்டை எல்லாம் கழித்தால் 50 லிட்டரை ஒட்டி நிற்கும். வெள்ளைப்புள்ளிக்குப் போடும் மாலகைட் கிரீன் போன்ற மருந்தில் இந்த 15 லிட்டர் வித்தியாசமே டெட்ராவைக் கொன்றுவிடப் போதுமானது.

தூளைச் சிட்டிகையாக அளக்கவே கூடாது. 1 கிராம் தூளை 100 மி.லி. தண்ணீரில் கரைத்தால் அதில் 1 மி.லி.க்கு 10 மி.கி. மருந்து இருக்கும். லிட்டருக்கு 2 மி.கி. வேண்டுமென்றால் 50 லிட்டருக்கு 100 மி.கி., அதாவது 10 மி.லி. கரைசல். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் கலந்து, ஃபில்டரின் நீரோட்டத்தில் மெதுவாக ஊற்றுங்கள். நேரே ஊற்றினால் அந்த மூலையில் இருக்கும் மீனின் செவுள் வெந்துவிடும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசும், 1, 5, 10 மி.லி. சிரிஞ்சுகளும் மருந்துப் பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டியவை.

கேள்வி: வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து போட்டேன். மூன்று நாளில் புள்ளிகள் மறைந்தன, மருந்தை நிறுத்தினேன். அடுத்த வாரமே முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. மருந்து போலியா?

மருந்து சரியானதாகவே இருந்திருக்கும். நிறுத்திய நாள்தான் தவறு. மீன் மேல் உப்புத்தூள் தூவியதுபோல் தெரிகிற புள்ளிக்குள் ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, எந்த மருந்தும் அங்கே எட்டாது. அது முற்றி உதிர்ந்து, தரையில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகும். கூட்டையும் மருந்து துளைக்காது. கூட்டிலிருந்து வெளிவந்து புது மீனைத் தேடி நீந்தும் சிறிது நேரத்தில்தான் அது மருந்துக்குச் சிக்கும். நீங்கள் பார்த்தது புள்ளிகள் உதிர்ந்ததை, நோய் தீர்ந்ததை அல்ல.

25 டிகிரி வெப்பத்தில் இந்தச் சுழற்சி ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 28 முதல் 30 டிகிரி வரை ஏற்றுகிறோம்: ஒட்டுண்ணி சீக்கிரம் வெளியே வரும், சீக்கிரம் அகப்படும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, ஏர் ஸ்டோன் கூடுதலாக ஓடட்டும். லேபிளில் சொன்ன இடைவெளியில் மருந்தைத் தொடர்ந்து, ஒவ்வொரு முறைக்கும் முன்பு தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்து, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் போடுங்கள். கையிருப்பும் அதற்கேற்ப இருக்க வேண்டும்: ஒரு வேளைக்கல்ல, முழுச் சிகிச்சைக்கு.

டெட்ராவுக்கும் கோரிடோராஸுக்கும் மாலகைட் கிரீன் பாதி அளவில் போதும். அந்தத் தூளைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், மூச்சில் இழுக்காதீர்கள், நச்சு அது. உண்ணும் மீனுக்கு ஒருபோதும் ஆகாது.

உப்பும் நல்ல மருந்துதான். கப்பிக்கு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை தாங்கும். கோரிடோராஸும் செடிகளும் உள்ள தொட்டியில் 1 கிராமைத் தாண்டாதீர்கள். வேறு எதுவும் கலக்காத கல்லுப்பு போதும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்புப் போடாதீர்கள், மாற்றி எடுத்த தண்ணீருக்கு மட்டும் சேருங்கள்.

கேள்வி: மீனின் வாயைச் சுற்றிப் பஞ்சு போல வளர்ந்திருக்கிறது. மெத்திலீன் ப்ளூ போட்டும், வெப்பத்தை 30 டிகிரிக்கு ஏற்றியும் இரண்டு மீன்கள் இறந்துவிட்டன.

பூஞ்சை என்று நினைத்து மருந்து போட்டிருக்கிறீர்கள். உங்கள் மீனுக்கு வந்தது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா நோய். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். பூஞ்சையில் நூல்நூலாக, நீண்டு நிற்கும் இழைகள் தெரியும். வழக்கமாக ஏற்கெனவே காயம்பட்ட இடத்தில்தான் வரும். காலம்னாரிஸ் குட்டையாக, சாம்பல் கலந்த வெண்மையில் படிந்திருக்கும். உதட்டில், அல்லது முதுகில் சேணம் போட்டதுபோல. சூடு ஏறினால் அது இன்னும் வேகமாகப் பரவும். வெள்ளைப்புள்ளிக்கு நன்மை செய்கிற அதே வெப்பம் இங்கே கொல்கிறது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அந்த வகை தாங்குகிற அளவுக்கு வெப்பத்தைக் குறைத்து, காற்றைக் கூட்டி, ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மெத்திலீன் ப்ளூ முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் தடுக்கவும், நைட்ரைட் நஞ்சு ஏறிய மீனுக்கும் உதவும். பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும், கண்ணாடியை இணைக்கும் சிலிகான் பசையும் நீலமாகும். தனித் தொட்டியோடு நிற்கட்டும்.

கேள்வி: நாங்கள் சாப்பிட்டு மீந்த ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூலை மீனுக்குப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். எந்தப் பாக்டீரியா என்று தெரியாது, கேப்ஸ்யூலில் உள்ள மருந்து நீரிலிருந்து மீனுக்குள் போகுமா என்பதும் மருந்துக்கு மருந்து மாறும். பாதி அளவில், பாதி நாளில் நிறுத்தும் சிகிச்சை, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியைத்தான் வளர்க்கும். அந்தத் தண்ணீரில்தான் உங்கள் கையும் நனைகிறது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள், குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள்: மைக்கோபாக்டீரியம் மெரினம் என்கிற மீன் கிருமி மனிதத் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

கேள்வி: கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல்போல் ஏதோ தொங்குகிறது. எதை வாங்குவது?

மீன் அசையாமல் நிற்கும்போது நாலைந்து நூல்கள் வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் கமலானஸ் புழு. லெவமிசோல் ஹைட்ரோகுளோரைடு, லிட்டருக்கு 2 மி.கி., 24 மணி நேரம். ஒளியில் கெடும் மருந்து, விளக்கை அணைத்து வையுங்கள். அது புழுவை முடக்கும், மீன் அதை வெளியே தள்ளும். மறுநாள் தரையை நன்றாக உறிஞ்சி எடுத்து, பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. தொட்டியில் உள்ள எல்லா மீனுக்கும் சேர்த்துத்தான். செவுள் புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் மருந்து வேறு, பிராசிகுவான்டல்.

கேள்வி: மருந்துகளைத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும்?

அந்த அலமாரிதான் வீட்டிலேயே மோசமான இடம்: ஈரமும் ஹீட்டர், பம்ப் இவற்றின் சூடும் சேர்ந்திருக்கும். வேறு அறையில், இருட்டான உலர்ந்த இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். திறந்த தேதியை ஒவ்வொரு புட்டியிலும் எழுதுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பழுப்புப் புட்டியிலேயே இருக்கட்டும். ஃபார்மலின் கலந்த மருந்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைக் கலக்கிப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் படிவு மீனுக்கு மிகவும் கொடிய நஞ்சு. கரைத்து வைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊதாவிலிருந்து பழுப்பாகிவிட்டால் வீரியம் போய்விட்டது.

நைட்ரேட் டெஸ்ட் கிட்டில் அடியில் படிவு தங்குகிற புட்டியை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் நைட்ரேட் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். உணவு டப்பா பெரிதாக வாங்காதீர்கள், இரண்டு மூன்று மாதத்தில் தீர்கிற அளவே போதும்; திறந்ததும் அதன் விட்டமின் சி குறைந்துகொண்டே போகும்.

கேள்வி: மருந்து தவிர்த்து வேறு என்ன இருப்பு?

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, நீரேறாமல் தடுக்கும் வால்வு, ஏர் ஸ்டோன் சில, ஃபில்டரின் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல் விசிறி), மூடியின் ரப்பர் வளையம், மாற்று ஹீட்டர், தனி வலை. மின்சாரம் போய் சில மணி நேரம் ஆனால், மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் உள்ள பாக்டீரியா ஆக்சிஜனின்றிச் சாக ஆரம்பிக்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்தக் கெட்ட நீர் தொட்டிக்குள் பாயும். உள்ளே இருப்பதைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு ஓட்டுங்கள்.

கேள்வி: ஃபில்டரில் போடும் ஆக்டிவேட்டட் கார்பன் (உறிஞ்சும் கரி) எதற்கு?

சிகிச்சை முடிந்த பிறகு மிச்ச மருந்தை எடுக்க. சிகிச்சையின்போது ஃபில்டரில் கார்பன் இருந்தால் போட்ட மருந்தை அதுவே குடித்துவிடும். முதலில் வெளியே எடுங்கள், யுவி விளக்கையும் அணையுங்கள். முடிந்ததும் கால் பங்கிலிருந்து பாதி வரை தண்ணீரை மாற்றி, புதுக் கார்பனைப் பையில் கட்டி, நீரோட்டத்தில் இரண்டு நாள் வைத்துவிட்டு எறியுங்கள். ஒரு முறை மருந்து உறிஞ்சிய கார்பனை அடுத்த சிகிச்சைக்கு எடுத்து வைக்காதீர்கள். உறையைக் கிழிக்காத பொட்டலம் இரண்டு பெட்டியில் இருந்தால் போதும்.